எழுதாமல் விட்ட வரம்பு

மேல்நிலை வகுப்பில் வணிகக் கணிதம் பயிலும் பிள்ளைகள் நம் இல்லங்களில் பலர் உளர். அவர்தம் பாடத்தில் ‘நேரியல் திட்டமிடல்’ என்றொரு பகுதி உண்டு. தேர்வுக்காகக் கற்கப்பட்டு, தேர்வு முடிந்ததும் மறக்கப்படுவதே பெரும்பாலும் அதன் தலைவிதி. ஆயினும், பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை மக்களாகிய நமக்கு அது வெறும் பாடமன்று. தோல் தொழிலால் வளர்ந்த ஊர்கள் இவை. குரோம்பேட்டை என்னும் பெயரே குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்ததன்றோ?

ஒரு சிறு தொழிற்கூடத்தைக் கற்பனை செய்வோம். இவ்வாரம் அதன் கைவசம் உள்ளவை 100 சதுர அடித் தோலும் 55 மணி நேர உழைப்பும். கைப்பை ஒன்றுக்கு 5 சதுர அடியும் 2 மணியும் வேண்டும். பர்ஸ் ஒன்றுக்கு 1 சதுர அடியும் 1 மணியும் போதும். கூலி உட்படச் செலவெல்லாம் போக, கைப்பையில் 95 ரூபாயும் பர்ஸில் 40 ரூபாயும் மிஞ்சும். எதை எத்தனை செய்வது?

கைப்பையில்தானே இலாபம் மிகுதி, அதையே செய்வோம் என்பர் சிலர். 20 கைப்பைகளில் தோல் தீர்ந்துவிடும்; 15 மணி நேரம் வீணாகும்; இலாபம் 1,900 ரூபாய். பர்ஸ் மட்டும் 55 செய்தால் 2,200 ரூபாய். 45 சதுர அடித் தோல் தேங்கும். 15 கைப்பையும் 25 பர்ஸும் செய்தாலோ தோலும் மிஞ்சாது, நேரமும் மிஞ்சாது. இலாபம் 2,425 ரூபாய். இதனை விஞ்சும் திட்டம் வேறில்லை. ஒவ்வொரு வரம்பையும் தாளில் ஒரு கோடாக வரைந்தால், இயலக்கூடிய திட்டங்கள் யாவும் வரப்புக்குள் வயல்போல் அடங்கும். மிகுந்த இலாபத்தை அவ்வயலின் மூலைகளிலே தேடினால் போதும்.

லெனின்கிராடு நகரின் ஒட்டுப்பலகைத் தொழிலார் தம் எந்திரங்களுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்க வழி கேட்டனர். அதற்கு விடை தேடப் புகுந்த கணித அறிஞர் லியோனிட் கன்டரோவிச், 1939-இல் இத்துறைக்கு அடிகோலினார். 1975-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1947-இல் அமெரிக்கரான ஜார்ஜ் டான்ட்சிக், மூலைக்கு மூலை நடந்து விடை காணும் சிம்ப்ளெக்ஸ் முறையை வகுத்தார்.

இக்கணக்கு மற்றொன்றும் சொல்லும். நம் தொழிற்கூடத்திற்கு இன்னும் 3 சதுர அடித் தோல் கிடைத்தால் 16 கைப்பையும் 23 பர்ஸும் செய்யலாம். இலாபம் 15 ரூபாய் கூடும். தோலுக்குப் பதிலாக 3 மணி நேரம் கிடைத்தால் 14 கைப்பையும் 30 பர்ஸும் ஆகும். இலாபம் 105 ரூபாய் கூடும். அதாவது, ஒரு சதுர அடித் தோலால் கூடுவது 5 ரூபாய். ஒரு மணி உழைப்பால் கூடுவது 35 ரூபாய். இதனை ‘நிழல் விலை’ என்பர். தோல் துண்டு வீணானதற்காகத் தொழிலாளரை அதட்டும் முதலாளி, அவருடைய நேரமே தம் கூடத்தின் அரிய பொருள் என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஆனால் எழுதாமல் விட்ட வரம்புக்கு இக்கணக்கு என்ன விலை சொல்லும்? பூஜ்யம் என்றே சொல்லும். இங்கேதான் நம் ஊரின் துயரம் தொடங்குகிறது.

அந்த 100 சதுர அடித் தோல் எங்கிருந்து வந்தது? தோல் பதனிடும் ஆலையிலிருந்து. அழுகாதிருக்க உப்பிட்ட தோலைக் கழுவ வேண்டும். பின்னர்ச் சுண்ணாம்பிலும் குரோமிய உப்பிலும் ஊற வைக்க வேண்டும். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டும். தோலுக்கும் மருந்துக்கும் கூலிக்கும் கணக்கு எழுதப்பட்டது. கழிவுநீர் சென்று சேரும் மண்ணுக்கும் கிணற்றுக்கும் எழுதப்படவில்லை. விளைவு, இவ்வட்டார நிலத்தடி நீரில் உப்பும் குரோமியமும் கலந்தன. ஆலையின் ஏட்டில் பூஜ்யமாய் இருந்த விலையை, குடிநீரை விலை கொடுத்து வாங்கிய குடும்பங்கள் செலுத்தின.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தருதல் வேண்டும் என்றது. பம்மல் அடங்கிய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு வசதியின்றி ஆலை நடத்தலாகாது என்றும் ஆணையிட்டது. எழுதாமல் விட்ட வரம்பை நீதிமன்றமே எழுதிச் சேர்த்தது எனலாம். ஆயினும் நிலத்தடியில் ஊறிவிட்ட உப்பைத் தீர்ப்பு ஒன்றால் வெளியே எடுத்துவிட இயலாது. முதல் நாளே எழுதியிருந்தால் இலாபம் சற்றுக் குறைந்திருக்கும், கிணறுகள் பிழைத்திருக்கும்.

இது ஆலைகளோடு முடியும் பாடமன்று. நம் இல்லங்களிலும் வரவு, வாடகை, பள்ளிக் கட்டணம் யாவற்றையும் எழுதுகிறோம். பகலில் ஆலையிலும் இரவில் வீட்டிலும் தையற்பொறி மிதிக்கும் தாயின் உறக்கத்தை எழுதுகிறோமா? எழுதாதவரை அதற்கும் விலை பூஜ்யமே. ஒருநாள் அவர் நோயுறும்போதுதான் முழு விலையும் தெரியவரும்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகள் இக்கணக்கைப் போட்டு முடித்ததும் விடை சரியா என்று பாருங்கள். அதனோடு நில்லாமல், “இதில் எந்த வரம்பை எழுதாமல் விட்டாய்?” என்றும் ஒருமுறை கேளுங்கள்.