பழைய இரும்புக்குள் ஒரு பகைவன்!

ராயபுரம் முதல் எண்ணூர் வரை இரும்பின் ஓசை கேளாத நாள் இல்லை. துறைமுகத்தில் நிற்கும் கப்பல் இரும்பு. சரக்கை இறக்கும் பளுதூக்கி இரும்பு. காயலான் கடையில் குவிந்து கிடப்பதும் இரும்பு. எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு இந்த இரும்பால்தான் எரிகிறது.

அந்தக் குவியலுக்குள் எப்போதாவது ஒரு பகைவனும் வந்து சேரலாம். அவன் வீசும் கதிருக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ஓசையும் இல்லை.

டில்லியில் நடந்தது

2010ஆம் ஆண்டு. டில்லி பல்கலைக்கழகம், பல காலமாகப் பயன்படாமல் கிடந்த ஒரு கருவியை ஏலத்தில் விற்றது. அது மாயாபுரி என்னும் பழைய இரும்புச் சந்தைக்குப் போயிற்று. அங்கே அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட் 60! தோல் கறுத்து, முடி உதிர்ந்து, சிலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தனர். ஒரு தொழிலாளி உயிர் இழந்தார்.

சாதாரண கோபால்ட் சாதுவான உலோகம். அதற்கும் கோபால்ட் 60க்கும் என்ன வேறுபாடு? ஒரே ஒரு நியூட்ரான்தான்!

கட்டுமரமும் கயிறும்

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் ஒரு கரு உண்டு. அதில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இருக்கின்றன. புரோட்டான்கள் ஒரே வகை மின்சாரம் கொண்டவை. ஆகவே ஒன்றையொன்று பிடித்துத் தள்ளும். பிறகு எப்படிச் சேர்ந்திருக்கின்றன?

கட்டுமரத்தைப் பாருங்கள். அலை மரங்களைப் பிரிக்கப் பார்க்கிறது. கயிறு பிடித்து நிறுத்துகிறது. கருவுக்குள்ளும் அப்படி ஒரு பிணைப்பு விசை இருக்கிறது. ஆனால் அது மிகக் குட்டையான கயிறு. பக்கத்தில் இருப்பதைத்தான் எட்டும். நியூட்ரானுக்கு மின்சாரம் இல்லை. அது யாரையும் தள்ளாமல் பிணைப்புக்கு உதவுகிறது. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு.

சாதாரண கோபால்ட்டில் 27 புரோட்டான், 32 நியூட்ரான். கோபால்ட் 60ல் நியூட்ரான் 33. அளவு மிஞ்சியதால் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. கோபால்ட், நிக்கல் ஆகிவிடுகிறது! அப்போது உடலைத் துளைக்கும் காமா கதிர் பாய்கிறது. இதன் வேகம் பாதியாகக் குறையவே சுமார் 5 ஆண்டு 3 மாதம் ஆகும்.

26 புரோட்டானும் 30 நியூட்ரானும் உள்ள இரும்பு, மிக இறுகக் கட்டப்பட்ட கருக்களில் ஒன்று. மிகப் பெரிய கருக்களில் தள்ளுமுள்ளு அதிகம்; குட்டைக் கயிறு போதாது. 82 புரோட்டான் உள்ள ஈயத்துக்கு மேல் நிலையான மூலகமே இல்லை. மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் உள்ள தோரியமும் சிதைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பாதி சிதையவே சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும்!

உலையில் இட்டாலும் சாகாது

இரும்பு துருப்பிடிப்பது அணுவின் வெளிப்புறத்தில் நடக்கும் மாற்றம். கரு அப்படியே இருக்கும். நெருப்போ, ஆசிட்டோ, சம்மட்டியோ கருவை மாற்ற முடியாது. கோபால்ட் 60ஐ உலையில் உருக்கினால் அது அழியாது. உருகிய உலோகம் முழுவதும் பரவும். 2008ஆம் ஆண்டு பிரான்சில், லிப்டுக்குச் செய்த பித்தான்களில் கோபால்ட் 60 இருப்பது தெரிந்தது. அந்த உலோகம் போனது இந்தியாவிலிருந்து!

என்ன செய்ய வேண்டும்?

மஞ்சள் நிறத்தின் மேல் மூன்று இதழ் விசிறி போன்ற சின்னம். இதுதான் கதிர்வீச்சின் அடையாளம். அதைக் கண்டாலும், அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயக்கூடு கிடைத்தாலும், வெட்டாதீர்கள், திறக்காதீர்கள், வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். எல்லோரும் விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் பொறுப்பு ஏழைத் தொழிலாளியோடு முடிந்துவிடாது. மாயாபுரியில் மாண்டவர் அந்தக் கருவியை வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கதிர்ப் பொருள் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதற்குக் கணக்கு வைத்து, வேலை முடிந்ததும் முறைப்படி ஒப்படைக்க வேண்டும். துறைமுகத்தில் இறங்கும் பழைய இரும்பு, சோதனை இல்லாமல் வெளியே போகக் கூடாது. அந்தச் சின்னத்தின் படம், தமிழ் விளக்கத்தோடு ஒவ்வொரு காயலான் கடையிலும் தொங்க வேண்டும்.

ஒரு படம் அச்சிட ஆகும் செலவு சில ரூபாய். ஓர் உயிருக்கு விலை ஏது?