தடுப்பூசி வீண் என்னும் வாதம்

தண்டுவட மரப்பு நோய் என்று தமிழில் குறிக்கப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தாக்கிச் சிதைப்பதால் விளைவது. ஆகவே அதற்குரிய மருந்துகள் எல்லாம் அவ்வாற்றலை அடக்குபவை, அடக்கப்பட்ட உடலில் தடுப்பூசி பலிக்காது, எனவே மருந்து எடுப்பவருக்கு ஊசி போடுவது வீண் என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. நோயைப் பற்றிய கூற்று சரியே. அதன்மேல் அடுக்கப்படும் ஒவ்வொரு படியும் வழுக்குகிறது.

மருந்துகள் எல்லாம் ஒரே வகையின என்பது முதல் வழுக்கல். 1993 முதல் அமெரிக்காவில் வழங்கும் பீட்டா இன்டர்ஃபெரான் எதிர்ப்பு அணுக்களை அழிப்பதில்லை, அவற்றின் போக்கைத் திருப்புகிறது. அதை எடுப்பவர்களிடம் ஃப்ளூ தடுப்பூசி ஏறத்தாழ நலமானவர்களிடம் போலவே செயல்படுகிறது. நாட்டலிசுமாப் இரத்தத்திலிருந்து மூளைக்குள் அணுக்கள் நுழையும் வாயிலை அடைக்கிறதே தவிர, ஊசி போட்ட தோளிலும் அதனருகே நிணநீர்க் கணுவிலும் நடப்பதைப் பெரிதும் தடுப்பதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஓக்ரலிசுமாப். எதிர்ப்பொருள் எனப்படும் காப்புப் புரதங்களை உண்டாக்கும் மரபைச் சேர்ந்த பி அணுக்களின் மேற்பரப்பில் சிடி20 என்றொரு குறி உண்டு. இம்மருந்து அக்குறியைப் பற்றி அவ்வணுக்களை நீக்குகிறது. வெலோஸ் என்னும் ஆய்வில், மருந்து பெற்ற 12 வாரங்களுக்குப் பின் இரணஜன்னித் தடுப்பூசி போடப்பட்டவர்களில் 23.9 விழுக்காட்டினரிடமே போதிய எதிர்வினை தோன்ற, ஒப்பீட்டுக் குழுவில் அது 54.5 விழுக்காடாக இருந்தது. குறைவு பெரிது, ஆனால் அது சுழியம் அன்று. மேலும், எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும் முதிர்ந்த பிளாஸ்மா அணுக்களில் சிடி20 இல்லாததால் மருந்து அவற்றைத் தீண்டுவதில்லை. முன்பே போட்ட ஊசிகளின் காப்பு பெரும்பாலும் நிலைப்பது இதனால்தான். இன்னொன்று, இரத்தத்தில் எளிதாக அளக்க முடிவது எதிர்ப்பொருள் என்பதற்காக அதுவே காப்பு முழுவதும் ஆகிவிடாது. பென்சில்வேனியா ஆய்வாளர்கள் 2021இல் சிடி20 மருந்து பெற்றவர்களிடம் கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசியை ஆராய்ந்தபோது, எதிர்ப்பொருள் குன்றியிருந்தும், தொற்றிய அணுக்களைக் கண்டழிக்கும் டி அணுக்களின் எதிர்வினை வலுவாகவே இருக்கக் கண்டனர். டி அணு தொற்று நுழைவதைத் தடுக்காமற் போகலாம். நோய் முற்றுவதைத் தணிப்பதில் அதற்குப் பங்குண்டு.

ஃபிங்கோலிமோட் விஷயத்தில் மட்டும் மறுப்பவரும் குரலைத் தாழ்த்திக்கொள்வதே நேர்மை. அது நிணநீர் அணுக்களைக் கணுக்களுக்குள்ளேயே சிறைவைப்பதால் எதிர்ப்பொருள், டி அணு என்னும் இரு கைகளும் தளர்கின்றன. 2021இல் வெளிவந்த இஸ்ரேலிய ஆய்வில் கோவிட் தடுப்பூசிக்குப் பின் அதை எடுத்தவர்களில் 3.8 விழுக்காட்டினரே போதிய எதிர்ப்பொருள் பெற்றனர். ஆனால் அதே ஆய்வில் கிளாட்ரிபின் பெற்றிருந்தவர்கள் அனைவரும் அதைப் பெற்றிருந்தனர் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

அப்படியானால் ஊசிக்காக மருந்தை நிறுத்தலாமே என்பது அடுத்த வாதம். ஃபிங்கோலிமோட்டை நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும் என்பதால், இது நோயைத் தவிர்க்க நோயை வரவழைக்கும் யோசனை. தேவைப்படுவது காலக்கணக்கு: ஓக்ரலிசுமாப் தொடங்குவதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பே உயிரற்ற தடுப்பூசிகளும், 4 வாரம் முன்பே உயிருள்ள தடுப்பூசிகளும் போடப்பட வேண்டும் என்று அதன் மருந்துக் குறிப்பே கூறுகிறது.

தடுப்பூசி நோயின் மறுதாக்கத்தைத் தூண்டும் என்ற அச்சத்திற்கு நீண்ட விடை வேண்டியதில்லை. மறுதாக்கம் கண்ட 643 ஐரோப்பிய நோயாளிகளை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வு அத்தகைய குறுங்கால அபாயம் எதையும் காணவில்லை. அச்சத்திற்கு இடமுள்ளது வேறோர் இடத்தில்: வலுக்குறைத்த கிருமியைக் கொண்ட உயிருள்ள தடுப்பூசி, எதிர்ப்பு அடங்கிய உடலில் பெருகக்கூடும் என்பதால் சிகிச்சைக்கு நடுவே தவிர்க்கப்படுகிறது. அதையும் வீண் என்று எவரும் ஒதுக்குவதில்லை. ஃபிங்கோலிமோட் தொடங்குமுன் சின்னம்மைக்கு எதிர்ப்பொருள் உள்ளதா என்று பார்த்து, இல்லையெனில் அந்த ஊசியைப் போட்டபின், மருந்தைத்தான் ஒரு மாதம் காத்திருக்க வைக்கிறார்கள்.