அம்மா தந்த தலைக்கவசம்

 

போன ஞாயிறு காலை நண்பனும் நானும் உலு லங்காட்டிலிருந்து கெந்திங் பெராஸ் மலைச்சாலை வழியாகக் கோல கிளாவாங்குக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். வளைவு வளைவாக ஏறும் சாலை, இரு பக்கமும் காடு. நடுவழியில் படம் எடுக்க நிறுத்தி, தலைக்கவசத்தைப் பக்கக் கண்ணாடியில் மாட்டினேன். அதுதான் தப்பு. நழுவி விழுந்து, சரிவில் உருண்டு, கீழே பாறையில் 'டொம்'மென்று மோதியது.

அம்மா நாசி லெமாக் விற்றுச் சேர்த்த காசில், போன தீபாவளிக்கு வாங்கித் தந்தது அது!

"ஒரு கீறல்தான் மச்சான், விடு" என்றான் நண்பன். வேறு வழியில்லாமல் அதையே போட்டுக்கொண்டு மெதுவாக வீடு திரும்பினேன்.

மறுநாள் கடைக்கார அண்ணன் உள்துணியை உருவிக் காட்டினார். வெள்ளை நுரையில் ஒரு வெடிப்பு. "அடியைத் தாங்குறது இந்த நுரைதான் தம்பி. ஒரு தடவை நசுங்கினா திரும்ப எழும்பாது. வெளியே பளபளன்னு இருந்தாலும் நம்ப முடியாது" என்றார்.

சிரிம் முத்திரை பார்த்துப் புதிது வாங்கினேன். அம்மாவிடம் சொல்லத்தான் இரண்டு நாள் ஆனது.

"விழுந்தப்ப உள்ளே உன் தலை இல்லையே? அப்புறம் என்னடா?" என்றார்.

பழையதைத் தூக்கிப் போடுமுன் வாரை வெட்டிவிட்டேன். யாராவது எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா?