பிரிக்கப்படாத உறை



ஒன்பதரை சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பொம்மைப் போர்வீரனைக் குறித்து இவ்வாரம் எழுதுகிறேன். 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் வெண்கவச வீரனான ஸ்டார்ம்ட்ரூப்பரை, அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் 1978-இல் பொம்மையாக வெளியிட்டது. அது மிக எளிய பொம்மை. தோளும் இடுப்பும் அசையும், முழங்கால் மடங்காது, கையில் ஒரு சிறு துப்பாக்கி. மீதியைப் பிள்ளையின் கற்பனையே நிறைவு செய்தது.

படத்தின் பெருவெற்றியை எதிர்பாராத அந்நிறுவனத்தால் 1977 கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. ஆகவே, பின்னர் அனுப்புவோம் என்று உறுதியளிக்கும் சீட்டை அட்டை உறையில் வைத்து விற்றது. அன்று பிள்ளைகள் பெற்றது பொம்மையில்லாத உறை. இன்று சேகரிப்பாளர் போற்றுவதோ உறையைவிட்டு வெளிவராத பொம்மை! பிரித்தால் விலை சரியும் என்று அஞ்சி, தரம் மதிப்பிட்டு, அக்ரிலிக் பேழைக்குள் முத்திரையிட்டு வைக்கிறார்கள்.

இதைப் பாதுகாப்பு என்பர். நான் மறுக்கிறேன். பிறர் காண அருங்காட்சியகத்தில் வைப்பது வேறு. விலைக்காகப் பூட்டி வைப்பது வேறு. இப்பொம்மை அரிதானதற்குக் காரணமே, எண்ணற்ற பிள்ளைகள் தங்கள் உறைகளைக் கிழித்து ஆசைதீர விளையாடியதுதான். பிறர் அடைந்த மகிழ்ச்சி இவருக்கு இலாபமாயிற்று. மகிழ்ச்சி மட்டும் இவருக்கு இல்லை. அந்த வெண்கவசமும் காலப்போக்கில் மஞ்சளாகிவிடக்கூடும்.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஒரு தாலந்தைப் புதைத்தவனை நினைத்துப் பாருங்கள். அவன் அதைத் திருடவில்லை, வீணாக்கவில்லை. பெற்றபடியே திருப்பிக் கொடுத்தான். சேகரிப்பாளர் அவனுக்கு முழு மதிப்பெண் அளித்திருப்பர். எஜமானோ கடிந்துகொண்டார்.

“தாலந்து பெருகவில்லை, பொம்மையின் விலை ஏறுகிறதே” என்பீர்களோ? தாலந்து கொடுக்கப்பட்டது வியாபாரம் செய்வதற்கு. பொம்மை செய்யப்பட்டது விளையாடுவதற்கு. விலை எவ்வளவு ஏறினாலும், எதற்காக உண்டாக்கப்பட்டதோ அதைச் செய்யாத பொருள் புதைக்கப்பட்ட பொருளே.

நம் வீடுகளிலும் கண்ணாடி அலமாரிகள் உண்டு. பேரப்பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பொம்மையை வைத்து, “தொடாதே” என்று அதட்டுகிறோம். பொம்மை பழுதின்றி இருக்கும். அதைக் கேட்ட பிள்ளை வளர்ந்துவிடும். இனி அவன் கேட்கமாட்டான்.

அவன் கேட்கும்போதே உறையைப் பிரித்துக் கொடுங்கள். கர்த்தர்தாமே உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.