எந்தச் சுருள் சிக்கனம்?

கிளிநொச்சியிலே பழைய குடும்பப் படங்களைக் காட்டக்கூடிய இல்லங்கள் எத்தனை? 2008 இன் பிற்பகுதியில் ஊரைவிட்டுப் பெயர்ந்தவர்களுள் பலர், கையோடு எடுத்துச் சென்றவற்றையும் வழியிலே இழந்தனர். ஆகவே, பழைய கமரா ஒன்றைத் தூசு தட்டி அம்மம்மாவைப் படம்பிடிக்க விரும்பும் இளைஞர்களுக்கு இரண்டொரு வார்த்தை கூற விழைகிறேன்.

மலிவு வேறு, சிக்கனம் வேறு. காலாவதியான சுருள் மலிவாகக் கிடைக்கலாம். ஆயின், வெப்பம் படச்சுருளுக்குப் பகை. வன்னி வெயிலில் கிடந்த சுருள் உணர்திறன் குன்றிப் படத்தில் மூட்டம் படியச் செய்யும். அம்மம்மாவின் முகமே மங்கிப்போனால், மிச்சம் பிடித்த பணத்தால் யாது பயன்?

கறுப்பு வெள்ளைச் சுருளே நமக்கேற்றது. வர்ணச் சுருளைக் கழுவ 38 பாகை வெப்பத்தை வழுவாது காக்க வேண்டும். கறுப்பு வெள்ளையையோ, ஐஸ்கட்டியால் தண்ணீரை 20 பாகைக்குக் குளிர்வித்து வீட்டிலேயே கழுவலாம். இங்கிலாந்தின் கென்ற்மியர் 400, செக் நாட்டின் ஃபோமாபான் 400 ஆகியன இல்போர்ட் எச்பி5 ஐவிட விலை குறைந்தவை. புதிதாக வாங்கினால் நம்பத்தக்கவை.

வாங்கிய சுருளைக் காற்றுப் புகாத பெட்டியிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் உறையைத் திறந்தால் ஈரம் படியும். ஓரிரு மணி நேரம் பொறுங்கள். ஒரே வகையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதன் குணம் கைவந்துவிடும், சுருள் வீணாகாது.

இறுதியாக ஒன்று. படம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். நெகட்டிவ் வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும்.