கையெழுத்துப் போடாதீர்கள், தோழர்களே!

ஐ.டி. துறைத் தோழர்களே,

சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் தரமணியிலும் இன்று யாருக்கு வேண்டுமானாலும் அந்த அழைப்பு வரலாம். ஹெச்.ஆர். கூப்பிடுவார். அறைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். ராஜினாமாக் கடிதம் தயாராக இருக்கும். "நீங்களே எழுதிக் கொடுத்தால் ரிலீவிங் லெட்டரில் பிரச்சினை வராது. இல்லையென்றால் டெர்மினேஷன்தான், அப்புறம் எந்தக் கம்பெனியும் எடுக்காது." யோசிக்க அரைமணி நேரம்கூடத் தர மாட்டார்கள். வீட்டுக்கடன் ஈ.எம்.ஐ. ஞாபகம் வரும், கை தானாகப் பேனாவை எடுக்கும்.

எடுக்காதீர்கள்! இத்தனை மிரட்டலும் அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும்; வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் தொழிலாளிக்குத் தந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ராஜினாமா செய்தவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. "நீங்கள் தொழிலாளி இல்லை, மேனேஜர்" என்று வாயடைக்கப் பார்ப்பார்கள். பதவிப் பெயரை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

"போட்டியில் கம்பெனி நிலைக்க வேண்டாமா?" நம்மில் சிலரே இதைத் திருப்பிச் சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. நிஜமாகவே நொடித்துப்போகும் நிறுவனம் கணக்கைத் திறந்து காட்டட்டும், மேலிடத்துச் சம்பளத்தை முதலில் வெட்டட்டும், பிறகு நம்மிடம் பேச வரட்டும். நடப்பது அதுவா? 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் டி.சி.எஸ். ஈட்டிய நிகர லாபம் 12,760 கோடி ரூபாய். ஜூலையில் பங்குக்கு 11 ரூபாய் ஈவுத்தொகை அறிவித்தார்கள். அதே ஜூலையில், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப் போவதாகவும் அறிவித்தார்கள். பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஊழியர்கள். திறமை பொருந்தவில்லையாம்! அதே திறமையைத்தானே இத்தனை வருடமும் மணிக்கணக்கில் வாடிக்கையாளருக்கு பில் போட்டார்கள்? புதியதைக் கற்றுத்தருகிற செலவை லாபத்திலிருந்து எடுக்காமல் நம் வயிற்றிலிருந்து எடுப்பது அநியாயம்.

எதிர்த்தால் எதுவும் நடக்காது என்பது பொய். 2015 ஜனவரியில் ஒரு கர்ப்பிணி ஊழியரை டி.சி.எஸ். நீக்கியதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஐ.டி. ஊழியரும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

ஆகவே தோழர்களே, பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம் எல்லாவற்றையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். அழைத்தால், கையெழுத்துப் போடாமல் வெளியே வாருங்கள். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். சங்கத்தோடு தொழிலாளர் துறைக்குப் போய் மனுக் கொடுங்கள். பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டால், அவர் திரும்பி வரும்வரை வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். இன்றே சங்கத்தில் சேருங்கள்!