பறவையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

இந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு ஃபார்வர்டுகள் வந்தன. ஒன்று, "கழுகு தன் குஞ்சைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும், நாமோ முப்பது வயது மகனுக்கு இன்னும் சோறு போடுகிறோம்" என்றது. இன்னொன்று, "சிறகு முளைத்ததும் பெற்றவரை மறந்து பறக்கும் பறவையைப் போல ஆகிவிட்டார்கள் இன்றைய பிள்ளைகள்" என்றது. இரண்டுக்கும் கைகூப்பியவர்கள் அதே ஆட்கள்தான்! வீட்டோடு இருக்கும் பிள்ளைக்கும் திட்டு, வெளியூர் போன பிள்ளைக்கும் திட்டு. சாட்சிக்கு மட்டும் பறவை.

பறவைக்கு என்றென்றைக்கும் மாறாத ஒரே சுபாவம் உண்டு என்ற நினைப்புதான் இதற்கு அடிப்படை. அது தவறு.

இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் நாடு இருக்கிறது. அங்கே கசின் என்று எழுபது ஏக்கர் சொச்சம் உள்ள ஒரு குட்டித் தீவு. தென்னந்தோப்பாக மாற்றப்பட்ட அந்தத் தீவில், 1960களில் செஷல்ஸ் கதிர்க்குருவிகள் முப்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்தன. உலகில் வேறெங்கும் அந்த இனம் இல்லை. 1968இல் தீவைப் பறவைகளுக்காகவே விலைக்கு வாங்கினார்கள். தென்னையைக் குறைத்துப் பழைய காட்டு மரங்களை வளரவிட்டார்கள். 1980களில் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. தீவு நிரம்பிவிட்டது.

நிரம்பியதும் என்ன ஆனது? வளர்ந்த குஞ்சுகளில் பல வெளியேறாமல் பெற்றோரிடமே தங்கின. சும்மா இருக்கவில்லை. அடுத்து பிறந்த தம்பி தங்கைக்கு இரை ஊட்டின, அடைகாக்கவும் உதவின. இப்படி உதவியவை பெரும்பாலும் பெண் பறவைகள்.

1988இல் 29 பறவைகளைப் பிடித்து அரீட் என்ற இன்னொரு தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பூச்சி ஏராளம், இடமும் காலி. அங்கே பிறந்த குஞ்சுகள் வளர்ந்ததும் தனிக்குடித்தனம் போய்விட்டன. நல்ல இடங்களெல்லாம் நிரம்பிய பிறகுதான், நல்ல இடத்தில் பிறந்தவை மறுபடி வீட்டோடு தங்க ஆரம்பித்தன. மோசமான இடங்கள் அப்போதும் காலியாகத்தான் கிடந்தன!

சொல்லுங்கள், இதில் எது பாசமுள்ள பறவை, எது நன்றிகெட்ட பறவை? அதே இனம்தானே?

இன்னும் கேளுங்கள். யான் கொம்டூர் என்ற நெதர்லாந்து விஞ்ஞானியும் அவருடைய குழுவும், இலைகளின் அடிப்புறத்துப் பூச்சிகளை எண்ணி ஒவ்வொரு ஜோடியின் இடத்தையும் தரம் பிரித்தார்கள். 1997இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: பூச்சி குறைந்த இடத்தில் பிறந்த குஞ்சுகளில் 77 சதவீதம் ஆண். பூச்சி நிறைந்த இடத்தில் 13 சதவீதம் மட்டுமே ஆண். ஆண் குஞ்சு பெரும்பாலும் வெளியே போகும், பெண் குஞ்சு தங்கி உதவும். இரை குறைந்த இடத்தில் கூட ஒரு வாய் தங்கினால் உதவியை விடப் பாரம் அதிகம். மோசமான இடத்தில் 90 சதவீதம் ஆண் குஞ்சு பெற்ற ஜோடிகளை நல்ல இடத்துக்கு மாற்றியதும், 85 சதவீதம் பெண் குஞ்சு பெற்றன. அதே தாய், அதே தகப்பன். மாறியது இடம் மட்டும்.

"சார், மனுசனும் குருவியும் ஒண்ணா?" என்று சிலர் கேட்பீர்கள். ஒன்றில்லை. மனிதனுக்கு யோசனையும் கடமையும் உண்டு. பெற்றவரைப் பட்டினி போடுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவனைக் கண்டிக்கப் பறவை எதற்கு? நேராகவே கண்டிக்கலாமே. பறவையைத்தான் கூப்பிடுவேன் என்றால், அது சொல்வதை முழுசாகக் கேளுங்கள். பிள்ளை தங்குமா போகுமா என்பதில் குணத்தை மட்டும் பார்க்காதே, அந்த இடத்தில் எத்தனை பேருக்கு இரை இருக்கிறது என்றும் பார் என்கிறது அது.

அந்த இரண்டாவது ஃபார்வர்டைப் படித்துவிட்டு, வளைகுடாவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தான். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன். "நாங்க மறந்துட்டா சார் வந்தோம்?" என்று கேட்டான். ஊரில் அவன் படிப்புக்கு வேலை இருந்ததா என்று கைகூப்பியவர்களில் ஒருவராவது கேட்டீர்களா? வேலை கிடைக்காமல் வீட்டிலிருக்கும் பையன், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் உங்கள் கண்ணில் படவில்லையா?

பிள்ளைகள் போகிறார்களே என்று வருத்தப்படுங்கள், தப்பில்லை. அந்த வருத்தத்தை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். கசின் தீவில் யாரும் குருவிகளுக்குப் புத்திமதி சொல்லவில்லை. மரம் வளரவிட்டார்கள். நம் ஊரில் என்ன வளர்க்கலாம் என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.